சாம்பல் பீப்பாயில் அப்பாவின் மணி

செரெகுண்டா
16 அக்டோபர் 2016

அன்புள்ள ஜைனாபா அக்காவுக்கு,

தம்பி யாங்குபா எழுதுவது. தொல்லை ஒன்றும் இல்லையே? வீட்டார் எங்கே? மச்சான் கௌஸு எங்கே? ஹவா எங்கே, இன்ஸா எங்கே? உன் மாமியாரின் முழங்கால் எங்கே? எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள் என்று நம் ஊர் வழக்கப்படி நீ சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த விசாரிப்பிலேயே அரைக் காகிதம் போய்விடுகிறது.

அப்பாவின் சைக்கிள் மணி எனக்கு வேண்டும். சைக்கிள் வேண்டாம், மணி மட்டும்.

எங்கள் பட்டறைக்கு வாக்குப் பீப்பாய்களைச் சரிசெய்யும் வேலை வந்திருக்கிறது. துரு சுரண்டி, ஓட்டை அடைத்து, கழுத்துக் குழாயைப் பற்றவைத்து, உள்ளே மணியைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். போடுகிற கோலி குழாயில் இறங்கி மணியில் பட்டுக் கீழே மரத்தூளில் சத்தமில்லாமல் விழ வேண்டும். வேட்பாளருக்கு ஒரு பீப்பாய்; ஒரு ஆள், ஒரு கோலி, ஒரு தரம் மணி. நம் நாட்டுத் தேர்தலில் இயந்திரம் என்று இருப்பது அவ்வளவுதான். வந்த மணிகளில் ஒன்று விரிசல். கடையில் கிடைப்பதெல்லாம் தகரம். நான்கு பேர் வாக்குப் போட்டால் நசுங்கிவிடும். அப்பாவுடையது கெட்டிப் பித்தளை. உன் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்து அது என்ன செய்யப் போகிறது?

போனில் கேட்டிருப்பேன். தேர்தல் காலத்தில் பீப்பாய், மணி என்று போனில் பேசினால், கேட்கிற காது நம்முடையது மட்டுமாக இருக்காது. டிரைவர் பூபா வியாழக்கிழமை திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு.

உன் தம்பி
யாங்குபா

*

சிமா குண்டா
25 அக்டோபர் 2016

அன்புள்ள தம்பி யாங்குபாவுக்கு,

தொல்லை இல்லை. வீட்டார் அங்கேயே இருக்கிறார்கள். உன் மச்சான் அங்கேயே இருக்கிறார். கடலைச் செடி பிடுங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ஹவா இருக்கிறாள், இன்ஸா இருக்கிறான். மாமியாரின் முழங்கால்தான் எங்கேயும் போகாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ சுருக்கினால் சுருக்கு, நான் சுருக்கமாட்டேன். உன் வயிறு எங்கே? அதற்குச் சமைத்துப் போட ஒருத்தி எங்கே?

மணியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. மச்சான்தான் எண்ணெய் விட்டுக் கழற்றினார். கழற்றும்போது ஒரு தரம் அடித்துவிட்டது. அடுத்த வீட்டு ஃபிலிஜே கிழவி கையில் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பா போய் நான்கு மழைக்காலம் ஆகிறது, அவளுக்கு இன்னும் போங்கா மீன் வருகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா? பாரா துறையில் படகு கரைக்கு வந்ததும் அப்பா சைக்கிளில் பெட்டி நிறைய மீனை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பள்ளி இல்லாத நாளில் நான் பின்னால் மீன்பெட்டி மேல், நீ முன்கம்பியில். மணி அடிப்பது உன் வேலை. ஊர் வருவதற்கு முன்பே அடித்துவிடுவாய். "பொறுடா, இன்னும் பனைமரம் தாண்டல" என்பார். நீ ஒரு நாளாவது பொறுத்திருக்கிறாயா? மீன் வாசனையோடு பள்ளிக்கூடத்துக்குப் போக வெட்கப்பட்டு அழுதவள் நான். இப்போது அந்த வாசனைக்கு ஏங்குகிறேன், சொன்னால் சிரிப்பாய்.

மச்சானிடம் கேட்டேன், "அந்தக் காலத்துல தினமும் மீன் வாங்குவீங்களே, உங்களுக்குத்தான் போங்கா முள்ளுன்னா ஆகாதே?" என்று. "மீனையா பாத்தேன், பெட்டி மேல உக்காந்திருந்தத பாத்தேன்" என்கிறார். வெட்கமில்லாத மனிதர்.

மணி அரிசிப் பைக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடு.

அக்கா
ஜைனாபா

*

செரெகுண்டா
20 நவம்பர் 2016

அக்காவுக்கு,

தொல்லை இல்லை. என் வயிறு அங்கேயே இருக்கிறது. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

மணி பிரமாதம். அடிக்கட்டையை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை மட்டும் குழாய்க்குக் கீழே தொங்கவிட்டேன். கோலி பட்டதும் ஒரே அடி, அப்புறம் ரீங்காரம் அடங்க நேரம் பிடிக்கிறது. சோதித்தேன், அடிக்கிறதா என்றால் அடிக்கிறது. சோதனைத் தாளில் சரி என்று குறி போட்டாயிற்று. பீப்பாய்கள் பெயின்ட் அடிக்கும் ஆளிடம் போய்விட்டன.

ஊர் ஊராகப் பிரித்து லாரியில் ஏற்றும் வேலையும் என் தலையில்தான். வாக்குச்சாவடிக்குப் போகும்போது காதைக் கழுவிக்கொண்டு போ. வேறொன்றும் சொல்லமாட்டேன்.

யாங்குபா

*

சிமா குண்டா
4 டிசம்பர் 2016

என் தம்பிக்கு,

தொல்லை இல்லை! வீட்டார் அங்கேயே இருக்கிறார்கள், ஊரார் அங்கேயே இருக்கிறார்கள், மச்சான் தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறார். அதிபர் தோற்றார், தோற்றதை டிவியில் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்! இருபத்திரண்டு வருஷம். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

திருட்டுப் பயலே, நீ அனுப்பியது என்ன என்று கேள்.

பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று பீப்பாய்: அதிபருக்குப் பச்சை, எதிர்க்கட்சிக் கூட்டணிக்காரருக்குச் சாம்பல், மூன்றாவது ஆளுக்கு ஊதா. நாங்கள் வெளியே வரிசையில் நிற்கிறோம். முதல் இரண்டு பேர் போனார்கள், "டிக்", "டிக்". மூன்றாவது ஆள் போனான். உள்ளேயிருந்து அப்பா வருகிறார்! அந்தப் பித்தளைச் சத்தம், அந்த ரீங்காரம். வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓடினார். "யார்றா அது? வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு தெரியாது?" சாலையில் ஒரு ஆடு நிற்கிறது. ஃபிலிஜே கிழவி என் தோளைப் பிடித்து, "உன் அப்பன் பக்காரி வந்துட்டானா? தட்டு எடுத்துட்டு வரலியே" என்கிறாள். வரிசையே சிரித்தது.

அப்புறம்தான் ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. நீண்ட மணி அடித்தால் சாம்பல். அதிகாரியாக வந்த பள்ளி மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. யாரோ பெண்களைக் கைதட்டிப் பாடச் சொல்லலாம், சத்தம் அமுங்கிவிடும் என்றார்கள். "அம்மா, ஒரு ஆளுக்கு ஒரு மணிதானான்னு நான் காதால கேட்டாகணுமே!" என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை. மாற்றுப் பீப்பாய்க்கு எங்கே போவது? அப்படியே நடந்தது.

பச்சைக் கட்சி சேடி, மாமரத்தடியில் தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருந்தான். மணி அடிக்கும், அவன் தலை வாசலுக்குத் திரும்பும். தேநீர் பொங்கி அடுப்பை அணைத்தது, அவன் பார்க்கவில்லை. உன் மச்சான் உள்ளே போனார். பனைமரம் தாண்டி ஊருக்குள் கேட்கிற மாதிரி அடித்தது. வெளியே வந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மீன் வாங்கிட்டேன்" என்றார்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே. அது ரகசிய வாக்கு.

அக்கா

*

செரெகுண்டா
7 டிசம்பர் 2016

அக்காவுக்கு,

இங்கே தெருவில் நடக்க முடியவில்லை. வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. முன்பின் தெரியாத ஒருத்தி என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குச் சமைத்துப் போட நீ விசாரித்த ஆள் அவள் இல்லை.

ஆமாம், வேண்டுமென்றேதான் அந்தப் பீப்பாயை உன் ஊர் லாரியில் ஏற்றினேன். நீ ஒரு தரம் கேட்பாய் என்று நினைத்தேன். நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாய். எந்த நிறம் அடிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது பெயின்ட்காரர் வேலை. நல்ல நிறமாகத்தான் பார்த்து அடித்திருக்கிறார்.

அப்பாவின் மணி அதிபரை வீட்டுக்கு அனுப்பியது என்று பட்டறையில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

யாங்குபா

*

செரெகுண்டா
11 டிசம்பர் 2016

அக்கா,

விசாரிப்பெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை டிவி பார்த்தாயா? அதிபர் முடிவை ஏற்கமாட்டாராம். மறுபடி தேர்தலாம். நேற்றுவரை ஹாரன் அடித்த தெருவில் மணல் மூட்டை அடுக்கிச் சிப்பாய்கள் நிற்கிறார்கள்.

உன் நான்காம் தேதிக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சேடியின் தலை திரும்பியது என்று எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன்! மணிகள் எல்லாம் எப்போதும் ஒரே பெட்டியிலிருந்து வருபவை, ஒரே சத்தம். அதனால் சத்தத்தைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. நானும் யோசிக்கவில்லை. அடிக்கிறதா என்று பார்த்தேன், எப்படி அடிக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த ஊரில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை மாமரத்தடிக்கு ஒலிபரப்பியிருக்கிறேன்.

சேடி ஏதாவது செய்தானா? மச்சான் எங்கே? இரண்டே வரி எழுது. பூபா காத்திருப்பார்.

யாங்குபா

*

செரெகுண்டா
20 டிசம்பர் 2016

அக்கா,

பூபா வெறுங்கையோடு வந்தார். "அவங்க வீட்ல யாரும் வெளிய வரல தம்பி, நான் மூணு தரம் கூப்பிட்டேன்" என்கிறார். மச்சானைப் பார்த்தீர்களா என்றால் டயரைப் பார்க்கிறார்.

வீட்டார் எங்கே? எல்லாரும் எங்கே? பதில் எழுது.

யாங்குபா

*

சிமா குண்டா
28 டிசம்பர் 2016

அன்புள்ள தம்பிக்கு,

தொல்லை இல்லை. ஹவா அங்கேயே இருக்கிறாள், இன்ஸா அங்கேயே இருக்கிறான். மாமியாரின் முழங்கால் பரவாயில்லை. ஃபிலிஜே கிழவி உன்னைக் கேட்டாள். ஆடு இரட்டைக் குட்டி போட்டது. கடலை இன்னும் காட்டிலேயே குவிந்து கிடக்கிறது; அடித்து உதிர்க்க ஆள் இல்லை. இந்த வருஷம் குளிர் அதிகம். நீ போர்வை வாங்கிக்கொள்.

நேற்று ஹவா, தாத்தா சைக்கிளில் தன்னை உட்காரவைக்கச் சொன்னாள். உட்காரவைத்தேன். மணி இருந்த இடத்தில் விரலை வைத்து, வாயாலேயே அடித்துக்கொண்டாள்.

கேள்வி கேட்டு எழுதாதே. ஆற்றைத் தாண்டுவதற்குள் இந்தக் காகிதத்தை எத்தனை பேர் பிரிப்பார்களோ. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜைனாபா

*

செரெகுண்டா
5 ஜனவரி 2017

அக்கா,

ஆட்டுக்குட்டிவரை எழுதினாய். மச்சான் பெயர் இல்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயர் இல்லாத கடிதம் இதுதான். விசாரிப்பைச் சுருக்குகிற ஆள் நான். நீ ஒரு பெயரை விட்டால் அது தானாக விட்டுப்போனதாக இருக்காது.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தப்பு என்னுடையது. பாசத்தில் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். பாசம் இருந்தால் மூன்று பீப்பாயையும் வரிசையாக வைத்து ஒரு தரம் கேட்டிருப்பேன். நான் அங்கே வருகிறேன். இங்கேயும் ஊர் காலியாகிறது. மெத்தை, பாத்திரம், கோழி எல்லாம் வண்டிக் கூரையில் ஏறுகின்றன, படகுத்துறையில் நிற்க இடமில்லை. எப்படியாவது வந்துவிடுவேன். சேடியிடம் நானே பேசுகிறேன்.

யாங்குபா

*

சிமா குண்டா
14 ஜனவரி 2017

யாங்குபா,

வராதே. வந்து பேச ஆரம்பித்தால் நீ எங்கே நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியும்.

பூபா இந்தக் கடிதத்தைச் செருப்புக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அதிபர் டிவியில் பேசிய அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சேடி இரண்டு அந்நியர்களோடு வீடு வீடாக வந்தான். "மீன்காரர் மணியை அடிச்ச ஆம்பிளைங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். பேர் சொல்லட்டா, இல்ல அவங்களாவே வர்றாங்களா?" என்றான். மறுநாள் காலை அந்த ஆண்கள் காட்டுக்குக் கடலை அடிக்கப் போகிறவர்கள்போலக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். காட்டுக்கு அந்தப் பக்கம் எந்த நாடு என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுதமாட்டேன். எனக்கும் தெரியாது.

பிறகு அவன் பெண்களிடம் வந்தான். கிணற்றடியில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். "நீங்களும்தான அடிச்சீங்க?" என்றான். ஃபிலிஜே கிழவி குடத்தைக் கீழே வைத்தாள். "ஆமாண்டா, அடிச்சேன். எனக்கு அரசியல் என்னடா தெரியும்? பக்காரி மணியைக் கேட்டு நாலு வருஷமாச்சு. பச்சையில மணி நல்லா இருந்தா பச்சையில போட்டிருப்பேன். உங்க ஆளுக்கு ஏண்டா ஓட்டை மணி வெச்சீங்க?" என்றாள். உடனே எல்லாரும் பிடித்துக்கொண்டோம். "நானும் மீன் வருதுன்னுதான் போட்டேன்", "நானும்தான்", "ஆமா, மீன் எங்கடா? கொண்டா!" என்று சூழ்ந்துகொண்டோம். சேடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சின்னப் பயலாக இருந்தபோது அப்பாவிடம் மீன் திருடித் தின்றவன்தானே. போய்விட்டான். திரும்பி வருவானா, தெரியாது.

தப்பு உன்னுடையதுதான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதையும் கேள். அன்று வரிசையில் எனக்கு முன்னால் மச்சான். அவர் மணி அடித்ததையும் சேடியின் தலை திரும்பியதையும் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். ஒருத்தராவது பச்சையில் போட்டால் வீடு பிழைக்கும் என்று கோலியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். மாஸ்டர், "போடும்மா, வரிசை நிக்குது" என்றார். கை சாம்பலுக்குத்தான் போனது. பாதி நாட்டுக்காக, பாதி அப்பாவுக்காக.

அடித்தவர்கள் தெரிந்துதான் அடித்தோம். அதை உன் பட்டறைக் கணக்கில் சேர்க்காதே.

அக்கா

*

செரெகுண்டா
12 பிப்ரவரி 2017

அன்புள்ள ஜைனாபா அக்காவுக்கு,

தொல்லை ஒன்றும் இல்லையே? வீட்டார் எங்கே? ஹவா எங்கே? இன்ஸா எங்கே? மாமியார் எங்கே, அவர் முழங்கால் எங்கே? ஃபிலிஜே பாட்டி எங்கே? இரண்டு ஆட்டுக்குட்டிகளும் எங்கே? பார், இந்த முறை ஒன்றையும் சுருக்கவில்லை.

அதிபர் விமானம் ஏறி நாட்டைவிட்டுப் போனதை நானும் ரேடியோவில் கேட்டேன். படகுத்துறையில் மெத்தைகள் திரும்பி வருகின்றன. போனவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறேன், உன் பக்கத்து வண்டி இல்லை என்று தெரிந்தும்.

ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல். பீப்பாய்கள் பட்டறைக்கு வந்துவிட்டன. அந்தச் சாம்பல் பீப்பாயைத் தேடி எடுத்து அப்பாவின் மணியைக் கழற்றினேன். கீழே மரத்தூளில் ஒரு கோலி சிக்கிக் கிடந்தது. எண்ணியவர்கள் விட்டுவிட்டார்கள் என்று பதறிப் பார்த்தால், என் சோதனைக் கோலி. அதற்குப் பதில் பெட்டியில் வந்த மணி ஒன்றை மாட்டியிருக்கிறேன். மூன்று பீப்பாய்க்கும் முதுகைக் காட்டி நின்று கூட வேலை செய்கிறவனைக் கோலி போடச் சொன்னேன். எது எது என்று சொல்ல முடியவில்லை. எல்லா ஊர்ப் பீப்பாய்க்கும் இப்படித்தான் செய்கிறேன். மேலாளர், "ஒரு நாள் வேலைய ஒரு வாரம் பண்றியே, உனக்கு என்னாச்சு?" என்கிறார்.

மணியைப் பூபாவிடம் கொடுத்திருக்கிறேன். அடிக்கட்டையும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பயந்துகொண்டேதான் கேட்கிறேன். மச்சான் எங்கே?

உன் தம்பி
யாங்குபா

*

சிமா குண்டா
5 மார்ச் 2017

அன்புள்ள தம்பி யாங்குபாவுக்கு,

தொல்லை இல்லை. வீட்டார் அங்கேயே இருக்கிறார்கள். இன்ஸா இருக்கிறான். மாமியார் இருக்கிறார், முழங்காலும் இருக்கிறது. ஃபிலிஜே கிழவி நம் எல்லாரையும் புதைத்துவிட்டுத்தான் போவாள். ஒரு ஆட்டுக்குட்டி செத்துப்போனது. சேடி இப்போது தெருவில் எங்களைக் கண்டால் முதலில் சலாம் சொல்கிறான்.

மற்றவர்கள் வந்து வெகுநாள் கழித்துத்தான் உன் மச்சான் வந்தார். அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்குச் செங்கல் அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கூலி வாங்காமல் வர மனமில்லையாம். பாதி ஆளாக வந்தார். கடலையைக் கறையான் தின்றுவிட்டது. உன் பேச்சை எடுத்தால், "அந்த வெல்டர் பேரச் சொல்லாத, என்னை நாடு கடத்துனவன் அவன்" என்பார். கோபமா விளையாட்டா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

போன வாரம் பூபா மணியைக் கொண்டுவந்தார். மச்சான் துணியைப் பிரித்து, அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இத்தனூண்டு பித்தளை. இதுக்குப் பயந்தா நான் அம்மாம் தூரம் ஓடினேன்?" என்றார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டார். துருவெல்லாம் துடைத்து, இரண்டு டியூப் மாற்றி, மணியைப் பழைய இடத்திலேயே மாட்டினார். "கடலைதான் போச்சு. முள்ளு ஆகாதுதான், விக்கிறதுக்கு என்ன?" என்று பாராவுக்குக் கிளம்பிவிட்டார். முதல் நாள் வாங்கிய மீனில் பாதியை ஃபிலிஜே கிழவி கடனாக வாங்கினாள். பழைய பாக்கி என்று ஏதோ சொன்னாள்.

இன்று பள்ளி இல்லை. ஹவாவை முன்கம்பியில் வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார். நான் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தூரத்தில் மணி கேட்கிறது, விட்டு விட்டு, ஓயாமல். தெருவெல்லாம் தட்டோடு எழுந்துவிட்டது. உன் ரத்தம்தான் அவள்; ஊர் வருவதற்கு முன்பே அடித்துத் தொலைக்கிறாள்.

மச்சான் எங்கே என்று கேட்டாய் அல்லவா?

பொறுடா, இன்னும் பனைமரம் தாண்டவில்லை.

அக்கா
ஜைனாபா